கப்ளருக்குள் உப்பு

டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிகிறது. ஆனாலும் வண்டி பாட்டுக்கு ஓடுகிறது. பிக்கப்பில் லேசான மந்தம், பெட்ரோல் முன்னைவிடச் சீக்கிரம் தீர்கிறதோ என்று ஒரு சந்தேகம், அவ்வளவுதான். ஸ்கேனரைச் செருகினால் பி0133 என்று ஓர் எண் வரும். முதல் ஆக்சிஜன் சென்சார் மெதுவாகப் பதில் சொல்கிறது என்று அதற்குப் பொருள். உடனே சென்சாரை மாற்றுவதுதான் நடைமுறை. ஆயிரங்களில் பில் வரும், விளக்கு அணையும். மரக்காணம் போன்ற உப்பளக் கடற்கரையில் ஓடுகிற வண்டியாக இருந்தால், சில நாளில் அதே விளக்கு மறுபடி எரிவதும் உண்டு. புதுச் சென்சார் அதற்குள் கெட்டிருக்காது. பதில் தாமதமாக வந்தது என்பது மட்டும்தான் அந்த எண்ணுக்குத் தெரியும். தாமதத்துக்குக் காரணம் யார் என்று தெரியாது.

ஆக்சிஜன் சென்சார் புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கிறது என்று பொதுவாகச் சொல்வோம். அது பாதி உண்மை. இரண்டு காற்றுகளை அருகருகே வைத்து அவற்றின் வித்தியாசத்தைச் சொல்வதுதான் அதன் வேலை. ஒன்று சைலன்சர் குழாய்க்குள் போகும் புகை. மற்றொன்று வண்டிக்கு வெளியே இருக்கிற காற்று. நம் விஷயத்தில் அது மரக்காணத்துக் கடற்காற்று. சென்சார் என்றதும் புகைப் பக்கத்தை மட்டுமே நினைப்பதால்தான் கடற்கரை வண்டிகளில் பழுதைத் தேடும்போது அடிக்கடி வழி தவறுகிறது.

சென்சாரின் நுனியில், ஓட்டைகள் போட்ட இரும்பு மூடிக்குள், சிர்கோனியா என்னும் பீங்கான் இருக்கிறது. சிறிதளவு இட்ரியம் ஆக்சைடு கலந்து சூடாக்கினால், இந்தப் பீங்கான் வழியாக ஆக்சிஜன் அயனிகள் நகரும்; எலெக்ட்ரான்கள் நகராது. ஜெர்மானிய விஞ்ஞானி வால்தர் நெர்ன்ஸ்ட் 1897இல் இதே கலவையைக் கொண்டு ஒரு விளக்கு செய்தார். எடிசனின் விளக்கைவிட அது பிரகாசமாக எரிந்தது. ஆனால் எரிவதற்கு முன் அதைச் சூடாக்க வேண்டியிருந்ததால் சந்தையில் நிற்கவில்லை. அதன் பீங்கான் மட்டும் நிலைத்தது. 1976இல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் அதை வைத்து ஆக்சிஜன் சென்சாரைத் தயாரித்தது. அமெரிக்காவுக்குப் போகும் வால்வோ கார்களில் அது முதலில் பொருத்தப்பட்டது. சூடாக்கினால்தான் வேலை செய்யும் என்ற பழைய பிடிவாதம் இன்றும் விட்டபாடில்லை. சுமார் 300 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இந்தப் பீங்கான் ஊமை. அதற்காகவே உள்ளே ஒரு சிறு ஹீட்டர் வைக்கிறார்கள்.

பீங்கானின் இரு பக்கமும் பிளாட்டினப் பூச்சு. ஒரு பக்கம் வெளிக்காற்று, அதில் ஆக்சிஜன் 21 சதவீதம். மறுபக்கம் புகை. இருபக்க ஆக்சிஜன் அழுத்தங்களின் விகிதம்தான் மின்னழுத்தமாக வெளியே வருகிறது. அதைக் கணக்கிடும் சமன்பாடும் நெர்ன்ஸ்ட் எழுதியதே. நுனி 630 டிகிரி சூட்டில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். புகையில் ஒரு சதவீதம் ஆக்சிஜன் மிஞ்சியிருந்தால் கிடைப்பது சுமார் 0.06 வோல்ட். பெட்ரோல் அதிகமாகி, ஆக்சிஜன் ஏறக்குறைய முழுவதும் தீர்ந்துபோனால் 0.86 வோல்ட். இரண்டுக்கும் நடுவே சரிவு கிடையாது, கிட்டத்தட்ட செங்குத்தான சுவர். ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று என்ற புள்ளியில் அந்தச் சுவர் நிற்கிறது.

என்ஜின் கம்ப்யூட்டர் இந்தச் சுவரின் மேல் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். சென்சார் 0.45 வோல்டுக்கு மேலே காட்டினால் பெட்ரோலைக் கொஞ்சம் குறைக்கும். கீழே காட்டினால் கூட்டும். என்ஜின் சூடாகி 2,500 சுற்றில் ஓடும்போது, நல்ல சென்சாரின் கோடு நொடிக்கு ஒரு தடவையாவது மேலும் கீழும் போய் வரும். மேலிருந்து கீழே விழ எடுக்கும் நேரம் பத்தில் ஒரு நொடிக்கும் குறைவு.

இதில் தாமதம் புகுந்தால் என்ன ஆகும் என்பதை உப்பளத்திலேயே பார்க்கலாம். மோட்டாரடியில் ஒருவர், கடைசிப் பாத்தியின் வரப்பில் ஒருவர். தண்ணீர் போதிய அளவுக்கு ஏறியதும் வரப்பில் நிற்பவர் குரல் கொடுக்க வேண்டும். குரல் தாமதமாக வந்தால் பாத்தி வழிந்துவிடும். நிறுத்திவிட்டு, மறுபடி போடச் சொல்லும் குரலும் தாமதமானால் பாத்தி காயும். வரப்பில் நிற்பவர் ஒரு தடவைகூடப் பொய் சொல்லவில்லை. மெதுவான சென்சாரும் இப்படித்தான். அது காட்டும் அளவு சரியாகவே இருக்கும், வந்து சேரும் நேரம்தான் தவறு. அதற்குள் கம்ப்யூட்டர் பெட்ரோலை அளவுக்கு மேல் கூட்டியிருக்கும், அல்லது அளவுக்குக் கீழே குறைத்திருக்கும்.

அந்த அலைச்சலைத் தாங்கிக்கொள்ளத்தான் சைலன்சர் வழியில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருக்கிறது. அதிலுள்ள சீரியம் ஆக்சைடு, ஆக்சிஜன் மிகும்போது வாங்கி வைத்துக்கொண்டு குறையும்போது திருப்பிக் கொடுக்கும். ஆனால் அதன் கொள்ளளவு சின்னது. அலை பெரிதானால் ஒரு முனையில் கார்பன் மோனாக்சைடும் மறுமுனையில் நைட்ரஜன் ஆக்சைடுகளும் தப்பி வெளியேறும். இந்தியாவில் 1995 ஏப்ரலில் நான்கு பெருநகரங்களில் புதுக் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. கூடவே ஈயமில்லாப் பெட்ரோலும் வந்தது. 2000இல் அது நாடு முழுவதும் வந்தது. ஈயம் பிளாட்டினத்தின் மேல் படிந்தால் கன்வெர்ட்டரும் சென்சாரும் சேர்ந்தே சாகும். கன்வெர்ட்டரையும் ஈயமில்லாப் பெட்ரோலையும் சட்டம் ஒன்றாக நகர்த்தியதற்கு அதுவே காரணம்.

இனி உப்புக்கு வருவோம்.

கடலோரத்தில் வண்டிக்கு வரும் எல்லாக் கேட்டுக்கும் உப்புக்காற்றைக் குற்றம் சொல்வது நம் வழக்கம். என்ஜின் இழுக்கும் காற்றோடு உப்பு உள்ளே போய்ச் சென்சாரைக் கெடுக்கிறது என்று சொல்பவர்களும் உண்டு. அந்த வழியை நான் பெரிதாக நம்பவில்லை. ஏர் ஃபில்டர் என்ற ஒன்று இருக்கிறது. உப்பு தன் வேலையை வெளியே இருந்துதான் செய்கிறது.

சாப்பாட்டு உப்பான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் அதோடு மெக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. பாத்தியில் உப்பு விளைந்த பிறகு மிஞ்சும் கசப்பு நீரில் அது செறிந்து கிடக்கும். மெக்னீசியம் குளோரைடு கரைய ஈரப்பதம் 33 சதவீதம் இருந்தாலே போதும். மரக்காணத்தில் சித்திரை வெயிலின் உச்சியிலும் காற்று அந்த அளவுக்கு வறண்டுபோவது அபூர்வம். ஆகவே வண்டியின் அடிப்பாகத்தில் ஒட்டிய கடலுப்புப் படலம் காய்ந்ததுபோல் தெரிந்தாலும் காய்வதில்லை. கண்ணுக்குத் தெரியாத உப்புக்கரைசல் இரவும் பகலும் இரும்பின் மேல் இருந்துகொண்டே இருக்கிறது. காரைக்குடியில் 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இந்தியாவுக்கு ஒரு அரிமான வரைபடமே தயாரித்தது. கடலோர மண்டபத்திலும் அதற்கு ஓர் ஆய்வு நிலையம் உண்டு. கடலை விட்டு உள்ளே போகப் போக உப்புப் படிவு வேகமாகக் குறையும். கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே அன்றாடம் ஓடும் வண்டிக்கும் திண்டிவனத்தில் நிற்கும் வண்டிக்கும் அடிப்பாகம் ஒரே மாதிரி இருக்காது.

இந்தப் படலம் சென்சாரை மூன்று இடங்களில் தொடுகிறது. மூன்றுமே சென்சாருக்கு வெளியே இருப்பவை.

முதல் இடம், சென்சாரின் வயர்களை வண்டியோடு இணைக்கும் கப்ளர். சாதாரண சிர்கோனியா சென்சாருக்கு நான்கு வயர்கள். பல தயாரிப்புகளில் இரண்டு வெள்ளை வயர்கள் ஹீட்டருக்கு, கறுப்பு சிக்னலுக்கு, சாம்பல் நிறம் எர்த்துக்கு. கடற்கரை வண்டி ஒன்றின் கப்ளரைக் கழற்றிப் பாருங்கள். ரப்பர் சீல் ஒரு பக்கம் நசுங்கி வளையமாக இல்லாமல் கிடக்கும். பின்களின் அடியில் பச்சை பூத்திருக்கும். அது செம்பின் குளோரைடு. பிளாஸ்டிக் சுவரில் வெள்ளையாக ஒரு கோடு, நக நுனியால் தொட்டால் பிசுபிசுக்கும். அந்தக் கோடு மின்சாரத்தைக் கடத்தும். ஹீட்டர் பின்னில் இருப்பது 12 வோல்ட். பக்கத்திலேயே இருக்கும் சிக்னல் பின்னில் ஒரு வோல்டுகூடக் கிடையாது, அதன் மின்னோட்டமோ மிக மிகச் சொற்பம். ஈரக்கோட்டின் வழியே கொஞ்சம் கசிந்தாலே சிக்னல் தடம் மாறிவிடும். ஹீட்டர் பின்னில் பச்சை ஏறினால் தடை கூடி, நுனி போதிய சூட்டை எட்டாது. சூடு குறைந்த பீங்கான் மெதுவாகத்தான் பேசும். கம்ப்யூட்டர் அதைப் பி0133 என்று எழுதிவைக்கும். குற்றமோ பின்னுடையது.

இரண்டாவது இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது, பலருக்குத் தெரியாததும் அதுவே. ஒப்பிடுவதற்கான வெளிக்காற்று சென்சாருக்குள் எப்படிப் போகிறது? பழைய சென்சார்களில் உடம்பிலேயே துளை இருந்தது. தண்ணீர் புகுந்ததால் அதை அடைத்துவிட்டார்கள். பல நவீன சென்சார்களில் காற்று வயருக்குள் வருகிறது. ரப்பர் உறைக்கும் செம்பு இழைகளுக்கும் நடுவேயுள்ள மெல்லிய இடைவெளிதான் பாதை, கப்ளர்தான் வாசல். வாசல் அடைபட்டால் பீங்கானின் வெளிக்காற்றுப் பக்கத்தில் ஆக்சிஜன் குறையும். வித்தியாசம் சுருங்கும். 0.9 வரை ஏற வேண்டிய கோடு 0.6இல் நின்றுவிடும், 0.45ஐத் தாண்டுவதற்கே திணறும். உப்பைப் பார்த்துவிட்டு, நல்லெண்ணத்தோடு கப்ளருக்குள் கிரீஸை அப்புகிறவர்கள் இதைத்தான் செய்கிறார்கள். துருவுக்கு அடிக்கும் ஸ்பிரேயை உள்ளே அடித்தால் இன்னும் மோசம். அதன் ஆவி வயர் வழியாகச் சூடான பீங்கானை அடைந்து, அங்கிருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். வேறு எந்தக் கப்ளருக்கும் நல்லதாக இருக்கும் வைத்தியம் இந்த ஒன்றுக்கு ஆகாது.

மூன்றாவது, சைலன்சர் இணைப்பு. மேனிஃபோல்டுக்கும் குழாய்க்கும் நடுவே உள்ள ஃபிளாஞ்சைத் துரு அரித்து, கேஸ்கெட் விட்டுப்போனால் புகை வெளியே ஊதும் என்பது எல்லோருக்கும் தெரியும். வெளிக்காற்று உள்ளே போகும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. குழாய்க்குள் அழுத்தம் ஒரே சீராக இருக்காது, துடிப்பு துடிப்பாகப் போகும். ஒவ்வொரு துடிப்புக்கும் பின்னால் ஒரு கணம் உறிஞ்சும். அந்தக் கணத்தில் சந்து வழியே நுழைகிற வெளிக்காற்றைச் சென்சார் புகையாகவே எண்ணிக்கொள்ளும். ஆக்சிஜன் மிகுந்திருக்கிறது என்று உண்மையாகவே சொல்லும். கம்ப்யூட்டர் தேவையே இல்லாமல் பெட்ரோலைக் கூட்டும்.

ஆகவே சோதனையைச் சென்சாரில் தொடங்கக் கூடாது. காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, சைலன்சர் வாயைத் தடித்த துணியால் ஒரு நொடி அடைத்து, முன்பக்கம் டக் டக் என்று சத்தம் வருகிறதா என்று காது கொடுக்க வேண்டும். இணைப்புகளில் கறுப்புக் கரிக்கோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சோப்புத் தண்ணீர் தெளித்தால் சந்து நுரை கட்டிக் காட்டிக்கொடுக்கும். அதன்பிறகு கப்ளர். அதன்பிறகு ஹீட்டர். கப்ளரைக் கழற்றி, இரண்டு வெள்ளை வயர்களுக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்தால் குளிர்ந்த நிலையில் பெரும்பாலும் சில ஓம்களிலிருந்து பதினைந்து ஓம் வரை காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் ஹீட்டர் அறுந்துவிட்டது. நல்லதாகக் காட்டினால், மறுபக்கக் கப்ளருக்கு 12 வோல்ட் வந்து சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். பல சமயம் ஒரு ஃபியூஸோடு கதை முடிந்துவிடும்.

இவையெல்லாம் தேறிய பிறகே சென்சாரின் வேகத்தை அளக்க வேண்டும். அங்கேதான் ஒரு நுட்பமான பொறி காத்திருக்கிறது. வேகத்தை அளக்கும் கருவி சென்சாரைவிட வேகமாக இருக்க வேண்டும். மல்டிமீட்டரின் எண்கள் நொடிக்கு இரண்டு மூன்று தடவை மாறும். பத்தில் ஒரு நொடியில் நடக்கும் விஷயத்தை அது பார்க்கவே பார்க்காது. மலிவான ஸ்கேனரிலும் இதே கோளாறு. திரையில் பத்து அளவுகளைச் சேர்த்து வைத்தால் அது ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிவரும். நம் சென்சாரின் முறை வருவதற்குள் நொடி போய்விடும். கோடு படிக்கட்டாகத் தெரிந்தால் மெதுவானது ஸ்கேனர்தான். மற்ற எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, சென்சார் வோல்டேஜை மட்டும் கிராஃபாகப் போட வேண்டும். ஆசிலோஸ்கோப் இருந்தால் பேச்சே இல்லை. செல்போனோடு இணைக்கும் சிறிய ஸ்கோப்புகளே இந்த வேலைக்குத் தாராளம்.

வண்டியைச் சூடாக்கி, 2,500 சுற்றில் நிறுத்தி, ஆக்ஸலரேட்டரை ஒரு தடவை சட்டென்று மிதித்துவிட வேண்டும். மிதித்ததும் கோடு 0.8க்கு மேலே பாய வேண்டும். காலை எடுத்ததும் 0.2க்குக் கீழே விழ வேண்டும். பிறகு வேக்கம் ஹோஸ் ஒன்றைப் பிடுங்கினால் காற்று கூடிக் கோடு விழும். கார்புரேட்டர் கிளீனரைக் காற்று போகும் வழியில் துளி அடித்தால் ஏறும். நல்ல சென்சாரின் கோடு ஸ்கோப்பில் நிமிர்ந்து நிற்கும். மெதுவானதன் கோடு சாய்ந்து, முனை மழுங்கித் தெரியும். 0.3இலிருந்து 0.6க்குப் போக எத்தனை மில்லிநொடி என்று பாருங்கள். நூறுக்குள் என்றால் கவலை இல்லை. இருநூறு, முந்நூறு என்று இழுத்தால் ஆயுள் முடிந்துகொண்டிருக்கிறது. ஏறும்போது வேகம், இறங்கும்போது மட்டும் தாமதம் என்றிருக்கும் சென்சார்களும் உண்டு. அதனால் இரண்டையும் பார்த்தாக வேண்டும்.

பெட்ரோல் திருத்த அளவையும், அதாவது ஃபியூல் டிரிம்மையும், கூடவே கவனிக்கலாம். சென்சார் மட்டும் மெதுவாகியிருந்தால் அலை பெரிதாக இருந்தாலும் சராசரி பூஜ்ஜியத்தை ஒட்டியே இருக்கும். சைலன்சர் ஊதினால் சராசரியே மேலே ஏறும். இப்போது இதில் ஒரு புதுக் குழப்பம். எத்தனால் தனக்குள்ளேயே ஆக்சிஜனை வைத்திருப்பதால் அதற்குக் குறைந்த காற்று போதும், கிலோவுக்கு 9 கிலோதான். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்குச் சரியான விகிதம் 13.5க்கு அருகில் இறங்கிவிடுகிறது. பழைய வண்டியில் டிரிம் சில சதவீதம் கூடியிருந்தால் அது பெட்ரோல் பங்கிலிருந்து வந்ததாக இருக்கலாம். அதற்காகக் கேஸ்கெட்டைப் பிரிக்க வேண்டியதில்லை.

சென்சார்தான் குற்றவாளி என்று முடிவானால் கழற்றிப் பார்க்கும் வேளை வந்துவிட்டது. இதில் உப்பு இன்னொரு தடவை குறுக்கே நிற்கும். 22 மில்லிமீட்டர் ஸ்பேனர், 18 மில்லிமீட்டர் மரை. வருடக்கணக்கில் துருவேறி இறுகியிருக்கும். முந்தைய நாள் மாலையே மரையின் அடியில் துரு இளக்கும் எண்ணெய் விட்டு, மறுநாள் என்ஜின் லேசான சூட்டில் இருக்கும்போது, வயர் நுழையப் பிளவு வைத்த சாக்கெட்டால் திருக வேண்டும். அவசரப்பட்டால் மேனிஃபோல்டின் மரையும் சேர்ந்து வரும். பிறகு லேத்துக்குத்தான் போக வேண்டும்.

வெளியே வந்த நுனியின் நிறம் நிறையச் சொல்லும். உலர்ந்த கறுப்புக் கரி என்றால் பெட்ரோல் அதிகம். அது இன்ஜெக்டரையோ பிளக்கையோ பார்க்கச் சொல்கிறது. எண்ணெய்ப் பசையோடு கறுப்பு என்றால் என்ஜின் ஆயில் எரிகிறது. வெள்ளையாக, மணல் தூவியது போல இருந்தால் சிலிக்கா. யாரோ கேஸ்கெட்டுக்குச் சாதாரண சிலிக்கோன் பேஸ்ட் தடவியிருக்கிறார்கள், அல்லது கூலன்ட் உள்ளே கசிகிறது. இதைச் சரிசெய்யாமல் புதுச் சென்சார் போட்டால் அதுவும் அதே வழியில்தான் போகும்.

கழுவிப் போடலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். பெட்ரோலில் ஊறவைப்பது, கேஸ் டார்ச்சால் சுடுவது, கம்பி பிரஷால் தேய்ப்பது எல்லாம் நடக்கின்றன. கரி மட்டும் என்றால் சென்சார் தன் சூட்டிலேயே அதை எரித்துக்கொள்ளும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி வரை ஒரே சீராக ஓட்டிவிட்டு வந்தாலே போதும். சிலிக்காவோ ஈயமோ என்றால் எந்தக் கழுவலுக்கும் போகாது. பிரஷ், பிளாட்டினத்தின் மேலிருக்கும் நுண்துளைப் பூச்சையே பெயர்த்துவிடும். கழுவியதும் இரண்டு நாள் நன்றாக ஓடியது என்கிறவர்களின் வண்டியில், கப்ளரைக் கழற்றி மாட்டியதில் பின் உராய்ந்து சுத்தமானதுதான் உண்மையான வைத்தியமாக இருந்திருக்கக்கூடும்.

புதுச் சென்சாரின் மரையில் மட்டும், நுனியில் படாமல், இறுகாமல் காக்கும் பேஸ்ட் மெல்லிதாக இருக்க வேண்டும். பெரும்பாலும் கம்பெனியிலேயே தடவி வரும். கப்ளர் இல்லாத பொதுச் சென்சாரை வாங்கி வயரை ஒட்டுப்போடும்போது ஈயப்பற்று வைக்கக் கூடாது. இழைகளுக்குள் ஈயம் ஓடினால் காற்றின் பாதை அடைபடும். அழுத்தி இறுக்கும் ஸ்லீவ் போட்டு, அதன்மேல் சூட்டில் சுருங்கும் டியூப் ஏற்ற வேண்டும். கப்ளரின் ரப்பர் சீல் நசுங்கியிருந்தால் மாற்றியாக வேண்டும். வயர் கிளிப்பையும் பழைய இடத்திலேயே மாட்ட வேண்டும். கப்ளர் தொங்கிக்கொண்டிருந்தால் மழைக்காலத்தில் சக்கரம் வாரியடிக்கும் தண்ணீர் நேராக அங்கேதான் விழும்.

கடைசியாக, புகைச் சோதனைச் சான்றிதழை நம்பி இருப்பவர்களுக்கு. பிஎஸ்4, பிஎஸ்6 பெட்ரோல் கார்களை ஐடிலிலும், பிறகு 2,500 சுற்றை ஒட்டியும் நிறுத்திச் சோதிக்கிறார்கள். அதிக சுற்றில், காற்று-பெட்ரோல் கலவையைச் சரியான கலவையோடு ஒப்பிடும் லாம்டா என்ற விகிதம் 0.97க்கும் 1.03க்கும் இடையே இருக்க வேண்டும். மெதுவான சென்சாரில் அலை எவ்வளவு பெரிதானாலும் ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று ஈடுகட்டி, சராசரி ஒன்றை ஒட்டியே நிற்கும். சோதனைக் கருவி காட்டுவதும் அந்தச் சராசரியைத்தான். கையில் தேர்ச்சிச் சான்றிதழ், டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு என்று ஒரே வண்டியில் இரண்டும் இருக்கலாம். அப்போது விளக்கை நம்புங்கள். கோடை முழுக்க உப்பளத்து ஓரம் ஓடிய வண்டி என்றால், சென்சாருக்கு விலை கேட்பதற்கு முன் கப்ளரைக் கழற்றிப் பாருங்கள்.